ஆசிரியருக்கு 17-பி, மாணவனுக்கு என்ன?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் எடுக்கப்பட்ட இரண்டு வீடியோக்கள், ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளியில், மாநிலம் முழுக்கக் கைபேசிகளில் சுற்றின. 2023 மார்ச்சில் வந்த முதல் வீடியோவில், அமானி மல்லாபுரம் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பறை மேசை, நாற்காலிகளைப் போட்டு உடைக்கிறார்கள். செய்முறைத் தேர்வு முடிந்த கொண்டாட்டமாம். 2025 ஜனவரியில் வந்த இரண்டாவது வீடியோவில், பெருங்காடு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சீருடை போட்ட சிறுமிகள் துடைப்பமும் கையுமாகக் கழிப்பறையைக் கழுவுகிறார்கள். பழங்குடியினர் வாழும் ஊர் அது. முதல் சம்பவத்தில் மாணவர்கள் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். இரண்டாவதில் தலைமை ஆசிரியை சஸ்பெண்ட் ஆனார்.

செய்தியாகப் படிக்கும்போது இரண்டும் ஒரே கணக்குதான். தப்பு நடந்தது, நடவடிக்கை எடுத்தாயிற்று, அடுத்த செய்திக்குப் போகலாம். அந்த நடவடிக்கை எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால், பெரியவர்களுக்கு ஒரு நியாயமும் பிள்ளைகளுக்கு வேறொரு நியாயமும் இருப்பது தெரியும்.

அரசு அலுவலகங்களில் ‘செவன்டீன் பி’ என்ற பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17-ஆவது விதி அது. சிறிய தண்டனை என்றால் 17-ஏ, பெரிய தண்டனைக்கு 17-பி. ஓர் ஆசிரியர் சஸ்பெண்ட் ஆனால் எழுத்துபூர்வ ஆணை அவர் கைக்கு வரும். என்ன குற்றச்சாட்டு, எந்த ஆவணத்தை வைத்து, யார் சாட்சி என்று குறிப்பாணையில் இருக்கும். பதில் சொல்ல அவகாசம் உண்டு. விசாரணை அதிகாரி உண்டு. தண்டனை வந்த பிறகும் மேல்முறையீடு உண்டு. இதெல்லாம் முடியும்வரை வீட்டில் அடுப்பெரிய, பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியம் உண்டு. தவறு செய்த சிலர் இந்த நடைமுறையின் இடுக்குகளில் புகுந்து தப்பித்துவிடுகிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. இருந்தாலும் நடைமுறையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வேலை போனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். “அப்பாவைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் கிளாஸுக்குள்ள வராதே.” ஆணை அவ்வளவுதான். எத்தனை நாள் என்று தெரியாது. என்ன குற்றம் என்று எழுதித் தருவதில்லை. கூட நின்ற நாலு பேரில் நான் மட்டும் ஏன் என்று கேட்டால், எதிர்த்துப் பேசினான் என்று இன்னொரு குற்றம் சேரும். வருகைப் பதிவேட்டிலோ அந்த நாட்களுக்குப் பெரும்பாலும் ‘ஆப்சென்ட்’ என்றே விழுகிறது. பள்ளி அவனை வெளியே அனுப்பியதற்கு ஏட்டில் சாட்சி இல்லை. அவன் பள்ளிக்கு வராததற்கு மட்டும் சாட்சி இருக்கிறது. பிறகு யாராவது கேட்டால், ‘இர்ரெகுலர் சார், அவனாவே நின்னுட்டான்’ என்று சொல்ல அந்த ஏடே போதும்.

சட்டம் பிள்ளைகளை அடியோடு கைவிட்டுவிடவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளின் 51-ஆவது விதியைத் திருத்தி, பிரம்படியை விலக்கியாயிற்று. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 16-ஆவது பிரிவு. தொடக்கக் கல்வி என்றால் எட்டாம் வகுப்புவரை. அதற்கு மேல்தான் சிக்கலே. மீசை அரும்பி, குரல் உடைந்து, எதிர்த்துப் பேச வாய் வந்து, ஆசிரியரின் பொறுமை தீரத் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில். ஒழுங்கு நடவடிக்கை உண்மையிலேயே பாயத் தொடங்கும் அந்த வயதில் வெளியேற்றத்துக்கு எதிரான சட்டத்தின் குடை மடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பது தலைமை ஆசிரியரின் மனசு. நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் படிப்பை ஒருவரின் மனசை நம்பி விட்டுவிட முடியாது.

இது எல்லா மாவட்டத்துக்கும் பொதுதானே, தருமபுரியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். ஒரே தண்டனை எல்லா ஊரிலும் ஒரே எடை கொண்டதல்ல என்பதால்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான்: 68.5 சதவீதம். அன்று எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று வகுப்பறையில் இருக்கிறார்கள். பென்னாகரம், ஏரியூர், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்ட அப்பா, அம்மாக்களைப் பற்றிக் கேட்கலாம். பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள்.

இந்த ஊரில் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்பது சின்ன வார்த்தையில்லை. வங்கியிலோ தாலுகா ஆபீசிலோ வேலை பார்க்கும் அப்பா அரை மணி நேர பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து, “சார், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிப் பிள்ளையை வகுப்புக்குள் விட்டுவிட்டுப் போய்விடுவார். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், மேஸ்திரி முகத்தைக் காட்டுவார். அவர் பள்ளிக்கு வந்தாலும் வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும். ஆசிரியர் பேசும் தமிழே அவரைக் கொஞ்சம் மிரட்டும். இரண்டாவது முறை கூப்பிட்டு அனுப்பினால் அவர் எடுக்கும் முடிவு எளிதானது: “படிச்சது போதும், என்கூடக் கிளம்பு.” கடைத்தெருவில் யாரையாவது பிடித்துச் சித்தப்பாவாக்கிக் கூட்டிவரும் தந்திரத்தைச் சினிமாவில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தப் பையனுக்கு அது சிரிப்பு இல்லை, வேறு வழியும் இல்லை.

ஐந்து நாள் சஸ்பெண்ட் என்பது நகரத்துத் தனியார் பள்ளிப் பையனுக்கு வீட்டில் திட்டு வாங்கும் ஐந்து நாள். பெங்களூரு பஸ் வாசலுக்கே வரும் ஊரில் அது படிப்பின் கடைசி ஐந்து நாளாகிவிடலாம். விதியை எழுதியவர் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் எழுதினார். நியாயம் போல் தெரிவதும் அதனால்தான்.

ஒழுங்கு நடவடிக்கை யார் மீது பாய்கிறது என்பது அடுத்த கேள்வி. இதில் தருமபுரிக்குத் தனி நினைவு இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எரிக்கப்பட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பிறகு அதே பள்ளிகளுக்குத்தான் போயிருப்பார்கள். வகுப்பறையில் நடக்கும் கைகலப்பில் யார் முதலில் கை ஓங்கியது என்று விசாரிக்கும் ஆசிரியரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து, ஏதோ ஒரு சாதியிலிருந்து வருகிறவர்தான். எந்தப் பையனின் சொல் எடுபடும், யாருடைய அப்பா ஊராட்சித் தலைவரோடு வந்து நிற்பார் என்பதெல்லாம் விசாரணைக்கு முன்பே பாதி முடிவாகிவிடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவனை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கைக்கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டுக்குத் தடை என்ற பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு பெரிய சண்டை நடந்தது. நான் முக்கியமாகக் கருதுவது அதிகம் பேசப்படாத இன்னொன்றை: ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே முதன்மைக் கல்வி அலுவலராகவோ மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகவோ போட வேண்டாம் என்கிறது அறிக்கை. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வியை ஒரு நீதிபதியால்தான் இவ்வளவு நேராகக் கேட்க முடியும்போல. கயிற்றை அறுப்பது எளிது, அதனால் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். புத்தகத்துக்குள் ஒரு கடிதமோ பையில் ஒரு செல்போனோ சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு இரண்டு அறை, ஒரு மன்னிப்புக் கடிதம். பெண்ணின் வீட்டுக்குத் தகவல் போகும். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டத்தில், அந்த ஒரு போன் அழைப்பு அவளை எங்கே கொண்டுபோய் விடும் என்று அழைக்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. ‘நாங்க எங்க கடமையைச் செஞ்சோம்’ என்பார்கள். செய்தார்கள்தான். அதே கடமையில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு தகவல் சொல்வதும் இருந்திருக்கலாம்.

பெருங்காட்டுக்கு வருவோம். கழிப்பறை கழுவ வைத்தது ஒழுங்கு நடவடிக்கையா என்று கேட்பவர்கள், பள்ளிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் பதிலைக் கேட்க வேண்டும்: “சுத்தம் கத்துக்கொடுக்கறோம், வேலைன்னா கேவலமா?” இதைச் சொல்லும்போது ஜப்பானையும் இழுப்பார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகள்தான் வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள் என்பது உண்மை. முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்கள், மருத்துவரின் மகனும் செய்கிறான். நம்மூரில் அந்தத் துடைப்பம் யார் கைக்குப் போகிறது? 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கழிப்பறை கழுவ வைக்கப்பட்டவர்கள் பட்டியல் சமூகப் பிள்ளைகள். அங்கே தலைமை ஆசிரியை கைதே செய்யப்பட்டார். பெருங்காட்டில் பழங்குடிப் பிள்ளைகள். தருமபுரி நகரத்தில் எந்தத் தனியார் பள்ளியாவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தச் சுத்தப் பாடத்தை நடத்திப் பார்க்கட்டும். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் எத்தனை கார் நிற்கும் என்று எண்ணலாம்.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பள்ளித் தண்டனையை அவை மூன்றாகப் பிரிக்கின்றன: உடல் தண்டனை, மன உளைச்சல், பாகுபாடு. மூன்றாவதற்கு அவை தரும் உதாரணத்திலேயே சாதி பார்த்துக் கழிப்பறை கழுவ விடுவது இருக்கிறது. பெண் என்பதால் தேநீர் போடச் சொல்வதும் இருக்கிறது. இந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தும்படி 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் உத்தரவிட்டார். பள்ளிதோறும் ஆசிரியர், பெற்றோர், மருத்துவர், வழக்கறிஞர், மூத்த மாணவர் ஆகியோரைக் கொண்ட கண்காணிப்புக் குழு வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதல்களில் ஒன்று. உத்தரவு வந்து ஒரு வருடம் முடியும் முன்பே பெருங்காடு வீடியோ வந்தது. தலைமை ஆசிரியை சஸ்பெண்ட் ஆனார், சரி. அந்தப் பள்ளிக்கு முழுநேரத் தூய்மைப் பணியாளர் இருந்தாரா, சொற்ப மதிப்பூதியத்துக்கு அந்த மலையோரக் கிராமத்தில் யார் வருவார் என்ற கேள்விகளுக்கு மேலதிகாரிகள் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அமானி மல்லாபுரம், பெருங்காடு ஆகிய இரண்டு நிகழ்வுகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. யாரோ கைபேசியில் படம் பிடித்ததால்தான் நடவடிக்கை வந்தது. நடவடிக்கையின் வேகமும் அளவும் வீடியோ எத்தனை பேருக்குப் போனது என்பதைப் பொறுத்தது. 2022 ஏப்ரலில் வேலூர் தொரப்பாடியில் மேசை உடைப்பு, ஆம்பூர் பக்கம் மாதனூரில் ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த மாணவன் என்று வரிசையாக வீடியோக்கள் வந்தன. மறுமாதமே சட்டப்பேரவையில் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, ஆசிரியரிடம் தவறாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்றார். பொதுமக்களின் கோபத்துக்கு அது நல்ல பதில். ஆனால் பதினைந்து வயதில் டிசியில் எழுதப்படும் ஒரு வரி, பாலிடெக்னிக் சேர்க்கையிலும் வேலை நேர்காணலிலும் கூடவே வரும். கொலை வழக்கில் சிக்கிய சிறார்களின் பதிவுகளைக்கூட ரகசியமாக வைக்கும் சிறார் நீதிச் சட்டம் உள்ள நாட்டில், மேசை உடைத்தவனின் பதிவு மட்டும் கைக்குக் கை மாறலாமா?

டிசியை ஆயுதமாக்குவது அரசுப் பள்ளிகளோடு நிற்பதில்லை. தனியார் பள்ளிகளில் அது கட்டணம் வசூலிக்கும் கருவியாகவே இருந்தது. பணம் பாக்கி என்றால் சான்றிதழ் கிடையாது, அல்லது பாக்கி என்று அதிலேயே எழுதித் தருவார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, விதிகளைத் திருத்தச் சொன்னது. ‘உன் மார்க்கால் ரிசல்ட் போகும்’ என்று சொல்லி ஒன்பதாம் வகுப்போடு டிசி வாங்க வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அது ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில்கூட நடப்பதில்லை.

வேறு நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் 1971-இல் கலவரச் சூழலில் பள்ளி மாணவர்கள் விசாரணையின்றிப் பத்து நாள் வரை சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் தொடுத்த வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது: பத்து நாளோ அதற்குக் குறைவோ, அனுப்பும் முன் என்ன குற்றச்சாட்டு என்று மாணவனிடம் சொல்ல வேண்டும், மறுத்தால் என்ன ஆதாரம் என்று சொல்ல வேண்டும், அவன் தரப்பைக் கேட்க வேண்டும். வக்கீல், சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் வேண்டியதில்லை. ஐந்து நிமிட வேலை.

அத்தனையும் செய்த பிறகும் அங்கே நியாயம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017-18 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 38 சதவீதம். இது நமக்குத் தெரிவது அவர்கள் எண்ணி வைத்திருப்பதால். நம்மிடம் மாணவர் சேர்க்கையைச் சாதிவாரியாக எண்ணும் ஏற்பாடு இருக்கிறது, உதவித்தொகையைச் சாதிவாரியாக எண்ணுகிறோம், தேர்ச்சி விகிதத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை வெளியிட்டு மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்துகிறோம். தருமபுரியில் கடந்த ஆண்டு எத்தனை மாணவர்கள் வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பழங்குடியினர் எத்தனை, பட்டியல் சமூகத்தவர் எத்தனை, பெண்கள் எத்தனை, அதற்குப் பிறகு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை.

ஆசிரியர்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. பிரம்பைப் பிடுங்கினீர்கள், பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்பது நியாயம். வட மாவட்டங்களில் காலிப் பணியிடங்கள் எப்போதும் அதிகம். தெற்கிலிருந்து பணியில் சேர்ந்தவர் முதல் கலந்தாய்விலேயே சொந்த ஊருக்கு மாறுதல் கேட்பார். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் பள்ளியில், போதையில் வரும் பிளஸ் ஒன் மாணவனை உட்கார வைத்துப் பேச ஆலோசகர் இல்லை. மாதனூரில் அடிக்கப் பாய்ந்தவனைப் போன்ற ஒருவன் எதிரில் நிற்கும்போது விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டச் சொல்வது எளிது, நிற்பது கஷ்டம். மேசையை உடைத்தவன் அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது தண்டனையே கூடாது என்பதல்ல. கொடுக்கும் தண்டனை தாளில் வர வேண்டும் என்பதே. தாளில் வந்தால் ஆசிரியருக்கும் அது பாதுகாப்பு. நாளைக்கு ஊரே திரண்டு வந்து, ‘எங்க பையனை வேணும்னே பண்ணினீங்க’ என்றால் காட்டுவதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும்.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும். எந்த மாணவனையும் ஒரு நாளுக்கு மேல் வகுப்புக்கு வெளியே வைப்பதானால், காரணமும் நாட்களும் எழுதிய ஒற்றைத் தாள் தமிழில் வீட்டுக்குப் போக வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் போனில் படித்துச் சொல்ல வேண்டும். மாணவன் தரப்பை எழுதி வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். பெற்றோர் வர முடியாவிட்டால் அது மாணவனின் குற்றமாகக் கூடாது. போனில் பேசினால் போதும். மூன்று நாளுக்கு மேல் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ற இடம். பெருங்காட்டுத் தாய்மார்களுக்கு நாற்காலி போட்டுக்கொடுத்த சட்டம் அது, அதில் உட்கார வைத்து இதையும் கேட்கலாம். எட்டாம் வகுப்புவரை இருக்கும் வெளியேற்றத் தடையைப் பிளஸ் டூ வரை மாநில அரசே நீட்டலாம். நடத்தைச் சான்றிதழில் குற்றத்தை எழுதும் யோசனையைக் கைவிடலாம்.

அப்புறம் எண்ணிக்கை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவனின் ரத்த வகை முதல் வங்கிக் கணக்கு வரை ஏற்றி ஏற்றி அலுத்துப்போயிருக்கும் ஆசிரியர்களிடம், ‘இடைநீக்கம்: ஆம் / இல்லை, எத்தனை நாள், என்ன காரணம், திரும்பி வந்தானா’ என்று இன்னும் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னால் கோபம் வரும். வரட்டும், இந்த ஒன்றை ஏற்றுங்கள். அதற்கு ஈடாக, இருப்பதில் உதவாத பத்துக் கட்டங்களைச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள் நீக்கட்டும்.